வால் இழந்த இலைக்கோழி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பேருந்து சுசீந்திரத்தைக் கடக்கும்போது தாணுமாலயன் கோயில் கோபுரத்தைத் தேடும் கண்கள், சாலையை ஒட்டிக் கிடக்கும் குளத்தில் நிற்பதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படியே போய்வந்தவன்தான். அந்தக் குளத்தையும் கவிமணி பிறந்த தேரூரின் குளத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 94 எக்டேர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகே, இரவல் வாங்கிய பைனாகுலருடன் அங்கே இறங்கினேன்.

இறங்கியது சித்திரை மாதத்தில். சில கூழைக்கடாக்களும், சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகங்களும்தான் கண்ணில் பட்டன. தாமரை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "இப்ப என்னத்தப் பாக்கதுக்கு வந்திருக்க மக்ளே? தை மாசம் வா" என்றார். வலசை வந்த வாத்துகள் வடக்கே திரும்பியிருந்ததை அவர் அறிந்திருந்தார், எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் போனபோது பாதி நேரம் மழைக்கு ஒதுங்கியே கழிந்தது. வந்திறங்கியிருந்த நீலச்சிறகி வாத்துகளில் ஆண் எது, பெண் எது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தன. தையில் அந்தக் குழப்பம் இல்லை. ஆண்களுக்குக் கண்ணின் மேல் வெள்ளைப் புருவம் தெளிவாக விழுந்திருந்தது. அதே காலையில், தாமரை இலைகளின் மேல் நடந்துபோன, கழுத்தோரம் கறுப்புக் கோடு இறங்கிய வெளிர்நிறப் பறவையொன்றை, பெயர் தெரியாமல் 'புதியது' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

குளத்தைப் பார்க்க ஏற்ற மாதம் எது என்று என்னைக் கேட்டால் ஆனி மாதத்தையே சொல்வேன். வாத்துகள் இல்லாத குளத்தில் நீளவால் இலைக்கோழி இல்லறம் நடத்தும் காலம் அது. கறுத்த உடலும், பொன்னிறப் பிடரியும், வளைந்த நீண்ட வாலுமாக ஒன்று மிக அருகில் வந்தது. அது கால் வைத்ததும் இலை ஒரு பக்கம் தாழ்ந்து விளிம்பில் நீர் ஏற, இலை முங்குவதற்குள் நீண்ட விரல்கள் அடுத்த இலைக்குத் தாவிவிட்டன. இந்த இனத்தில் முட்டையிடுவதோடு பெண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. திடீரென்று அது பறந்தபோது விரிந்த வெள்ளைச் சிறகைப் பார்த்ததும் எனக்குத் தையில் கண்ட பறவை நினைவுக்கு வந்தது. அதற்கும் இதே சிறகுதான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் வாலையும் கறுப்பையும் உதிர்த்துவிட்டிருந்த இலைக்கோழியைத்தான் வேறு பறவை என்று எண்ணியிருக்கிறேன்.

கரையிலேயே குறிப்பேட்டைத் திறந்து, 'புதியது' என்ற வரியை அடித்தேன்.