வடலூர் ஜோதியும் அம்மாவின் வேண்டுதலும்

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்கு வடலூர் வந்து ஜோதி பார்க்கிறேன், பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலைக்கு அரிசி மூட்டை தருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். வள்ளலார் அய்யா காப்பாற்றினார். இந்தத் தைப்பூசத்துக்கு அழைத்துப் போனேன்.

முந்தின நாள் இரவே போய்விட்டோம். அப்படியும் ஞானசபையை நெருங்க முடியவில்லை. தைப் பனியில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நள்ளிரவுக்கு மேல் ஓர் ஆள் வந்து, காசு கொடுத்தால் முன்னால் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. சாதி, சமயம், ஏழை, பணக்காரன் என்ற பேதமே கூடாது என்று வள்ளலார் 1872 தைப்பூசத்தில் திறந்து வைத்த சபை இது. இங்கேயுமா பணம் பார்த்து வரிசை? அம்மா அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, வாயில் மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

காலை ஆறு மணி தரிசனம். கறுப்புத் திரை விலகியது, அப்புறம் நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்புத் திரை. கண்ணாடி வழியே ஜோதி! "அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். முன்னால் ஒரே செல்போன் கைகள். அதற்கு நடுவே அம்மா என் தோளைப் பிடித்து எம்பி, "நல்லாத் தெரியுதுடா, நல்லாத் தெரியுது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் திரை மூடிவிட்டது. எனக்கு அது போதும்.

வங்காளத்தில் ராஜாராம் மோகன்ராய் 1828இல் பிரம்ம சபையைத் தொடங்கி, கடவுள் ஒருவரே, உருவமற்றவர் என்றார். நம் வள்ளலாரும் கடவுள் ஒருவரே, அவர் அருட்பெருஞ்ஜோதி என்றார். ஆனால் அந்த ஒரு கடவுளை வழிபடும் வழியாக, எல்லா உயிரிடமும் இரக்கம் காட்டும் ஜீவகாருண்யத்தையே காட்டினார். ஞானசபை எழும்புவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1867இல் தருமசாலை அடுப்பு மூட்டிவிட்டார். முதலில் சோறு, பிறகுதான் சபை. அவர் பாடல்கள் அருளால் வந்த அருட்பா இல்லை, மயக்கத்தில் வந்த மருட்பா என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்து, வழக்கு கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் வரை போனது. அந்த அடுப்பு மட்டும் இன்றுவரை அணையவில்லை.

அரிசியைக் கொடுத்துவிட்டுத் தருமசாலையிலேயே பந்தியில் உட்கார்ந்தோம். யார் பக்கத்தில் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோறும் சாம்பாரும்தான், அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அய்யா, எங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்தது கொஞ்சமா? மூன்றாம் நாள், வள்ளலார் கடைசியாக உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்ட மேட்டுக்குப்பம் திருஅறையின் தரிசனத்துக்கும் இருக்கலாம் என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். சரி என்று ஆபீசுக்கு லீவு சொல்லி இருந்துவிட்டேன்.