ஏஐ துணையோடு கோத்தே பி2: எழுத்தும் பேச்சும் தேற

ஜெர்மனியில் நர்ஸாக வேலை பார்க்க, அங்கே தொழில் அங்கீகாரம் வாங்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு பி2 அளவு ஜெர்மன் (ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளில் நான்காவது) தெரிந்திருக்க வேண்டும். அதைக் காட்டும் தேர்வுகளில் ஒன்று, ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் பி2 தேர்வு. இதற்காகப் படிப்பவர்களின் கையில் இன்று பாடப்புத்தகத்துக்கு முன்னால் சாட்ஜிபிடியோ ஜெமினியோ இருக்கிறது. வீட்டுப்பாடக் கடிதம் ஒரு பிழையும் இல்லாமல் வருகிறது; அதே மாணவர் மாதிரித் தேர்வில் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறார். வீட்டில் அந்தக் கடிதத்தை அவர் எழுதவே இல்லை என்பதுதான் காரணம். ஏஐயை விலக்கச் சொல்லவில்லை. எந்த இடத்தில் அதை உள்ளே விடுவது என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது.

"போனே மொழிபெயர்த்துவிடுமே, எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்கள் வார்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது 'ஊபர்காபே' என்ற பணி ஒப்படைப்பு நடக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிடம்தான். சுருக்கச் சொற்கள் சரசரவென்று வரும், பேசுபவர் தெற்கு ஜெர்மனியின் பவேரிய வட்டார வழக்கில்கூடப் பேசலாம். மறதி நோயுள்ள முதியவர் போனைப் பார்த்துப் பேச மாட்டார். 'நுயிஹ்டர்ன்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பேச்சில் அதற்கு 'போதையில்லாமல்' என்று பொருள். வார்டில் 'வெறும் வயிற்றோடு' என்று பொருள். சூழல் இல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் தட்டினால் எந்தப் பொருள் வரும் என்று சொல்ல முடியாது. அன்று அறுவை சிகிச்சை உள்ளவருக்குக் காலை உணவைக் கொடுத்துவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும். நோயாளியின் பெயரையும் நோயையும் பொதுச் செயலியில் தட்டுவதற்கு 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். மருத்துவமனையே ஏஐ பதிவுக் கருவி வாங்கி வைத்தாலும், அது எழுதியதைப் படித்துப் பார்த்துப் பொறுப்பேற்பவர் நர்ஸ்தான்.

தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பிரிவுகள். தேற ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 மதிப்பெண் வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது எழுத்தில்: 75 நிமிடம், இரண்டு பகுதிகள். முதல் பகுதி ஒரு பொது விஷயத்தைப் பற்றிக் குறைந்தது 150 சொற்களில் கருத்து. இரண்டாவது பணி சார்ந்த ஒரு முறையான கடிதம், குறைந்தது 100 சொற்கள். முதலாவதற்கு 60 மதிப்பெண், இரண்டாவதற்கு 40. நேரத்தையும் 50 நிமிடம், 25 நிமிடம் என்றே பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு குறிப்புகள் தருவார்கள், நான்கையும் தொட வேண்டும். கேட்டதற்குத் தொடர்பே இல்லாமல் எழுதினால், மொழி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம்தான். மனப்பாடம் செய்த ஏஐ கட்டுரையைக் கொண்டுபோய்க் கொட்டுபவர்கள் விழுவது இந்தக் குழியில்தான்.

பயிற்சி இப்படி இருக்கட்டும். கேள்வியை மட்டும் ஏஐயிடம் வாங்கலாம். கோத்தே நிறுவனம் தன் தளத்தில் இலவசமாகத் தரும் மாதிரித் தாள் ஒன்றைக் கொடுத்து, அதே அமைப்பில் புதுத் தலைப்பு கேளுங்கள். பிறகு போனைத் தள்ளி வையுங்கள். கடிகாரம் வைத்து, பேனாவால், அகராதி இல்லாமல் எழுதுங்கள். சொற்களை நீங்களே எண்ணுங்கள், ஏஐயின் எண்ணிக்கையை நம்ப முடியாது. எழுதியதைத் தட்டச்சு செய்யும்போது பிழைகளைத் திருத்தாமல் அப்படியே தட்டுங்கள். அதன்பின் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்: "இதைத் திருத்தி எழுதாதே. பிழையுள்ள வாக்கியத்தின் எண்ணையும் பிழையின் வகையையும் மட்டும் சொல்: வேற்றுமை, பால், வினையின் இடம், சொல் தேர்வு, எழுத்து. சரியான வடிவத்தை நான் கேட்கும்வரை சொல்லாதே."

அடுத்த 15 நிமிடம்தான் பாடமே. மூன்றாம் வாக்கியத்தில் வேற்றுமைப் பிழை என்று தெரிந்துகொண்டு, அது எங்கே என்று நீங்களே தேடுகிறீர்கள். கண்டுபிடித்துத் திருத்தியது நினைவில் தங்கும். திருத்தி வந்ததைப் படித்துத் தலையாட்டியது மறுநாளே போய்விடும். கடைசியில்தான் சரியான வடிவத்தைக் கேளுங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்றாகப் பிரித்து, எழுதியது, சரியானது, வகை என்று குறித்து வாருங்கள். பத்துக் கடிதம் எழுதிய பிறகு அந்த நோட்டைப் பார்த்தால், பிழைகள் பல இருந்தாலும் வகைகள் ஐந்தாறுக்குள் அடங்கியிருக்கும். அவற்றைச் சரிசெய்தாலே மதிப்பெண் ஏறும்.

இந்த வகைகளைப் பார்க்கும்போது தமிழ் எவ்வளவு உதவும் என்பதை ஏஐ தானாகச் சொல்லாது. தமிழில் கேட்டாலும் ஆங்கில இலக்கணத்தை நடுவில் வைத்து விளக்கும் பழக்கம் அதற்கு உண்டு. ஆங்கில வழியே போனால் குளிர்கிறது என்பதற்கு 'இஹ் பின் கால்ட்' என்று எழுதிவிடுவோம்; அது தவறு. சரியானது 'மியர் இஸ்ட் கால்ட்', அதாவது 'எனக்குக் குளிருது'. நாம் நினைப்பதுதான் ஜெர்மன். எனக்குப் பிடிக்கும், எனக்குத் தலை வலிக்குது, உனக்கு உதவுகிறேன்: நாம் 'கு' போடும் இந்த இடங்களிலெல்லாம் ஜெர்மன் தாட்டிவ் போடுகிறது, அது நம் நான்காம் வேற்றுமை போன்றது. 'ஏனென்றால்' என்னும் 'வைல்' வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போவதும் 'காய்ச்சல் இருப்பதால்' என்று வினையைக் கடைசியில் வைப்பவர்களுக்கு இயல்பானதுதான். ஆனால் 'அதனால்' என்னும் 'டெஸ்ஹால்ப்' வந்தால் வினை உடனே அடுத்த இடத்தில் வர வேண்டும், அங்கே தமிழ் காலை வாரும். 'உனக்கு போன் பண்றேன்' என்று நினைத்து 'உனக்கு' என்னும் 'டியர்' (dir) போடுவதும் அப்படித்தான். ஜெர்மனில் அது 'இஹ் ரூஃபே டிஹ் ஆன்', அக்குசாட்டிவ், அதாவது 'உன்னை' என்பதுபோல இரண்டாம் வேற்றுமை. சொற்பாலுக்கு நம்மிடம் ஒப்பே கிடையாது: ஸ்பூன் டெர் (ஆண்பால்), முள்கரண்டி டீ (பெண்பால்), கத்தி டாஸ் (அலிப்பால் எனப்படும் மூன்றாம் பால்). ஆகவே ஏஐயிடம், "தமிழ் வேற்றுமையோடு ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை என்று சொல்" என்று கேட்டுப் பழகுங்கள். ஆங்கிலம் சரியாக வராது என்று தயங்கும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய பிடிமானம்.

ஏஐ சறுக்கும் இடங்களையும் தெரிந்து வைக்க வேண்டும். "பிழை இருக்கா?" என்று கேட்டால் சரியான வாக்கியத்திலும் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லும். சந்தேகம் வந்தால் புதிய உரையாடலைத் திறந்து அதே வாக்கியத்தைக் கொடுங்கள். இரண்டு பதில்கள் வேறுபட்டால் டூடன் அகராதியில் பார்த்து முடிவு செய்யுங்கள். மதிப்பெண் கேட்டால் தாராளமாகப் போடும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கேட்டதை நிறைவேற்றியிருக்கிறதா, தொடர்ச்சி இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்ற நான்கு அளவுகோல்களையும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பலவீனமான வாக்கியத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாதிரி விடை கேட்டால் பி2க்கு அடுத்த படியான சி1 நடையில் கொட்டும். அதிலிருந்து ஒரு கடிதத்துக்கு இரண்டு தொடர் எடுத்துக்கொண்டால் போதும், அதையும் மறுநாள் வேறு தலைப்பில் பயன்படுத்திப் பார்த்த பிறகே உங்களுடையது என்று கணக்கில் வையுங்கள்.

பேச்சுக்கு ஏஐயின் குரல் வசதியை நம்பிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று ஊகித்துப் புரிந்துகொள்ளும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் புரிந்ததுபோல் பதில் சொல்லும். 'ட்ருக்கென்' என்றால் அச்சிடுவது. அதில் உ வரும் இடத்தில் உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து, நாக்கை 'ஈ'க்கு வைத்துச் சொன்னால் அழுத்துவது. வாக்கியத்துக்குள் வைத்து எப்படிச் சொன்னாலும் சூழலைப் பார்த்துச் சரியானதை எடுத்துக்கொள்ளும். ஆகவே போன் விசைப்பலகையின் குரல் தட்டச்சை ஜெர்மனுக்கு மாற்றி, சொல்லைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். சுற்றிலும் வாக்கியம் இல்லாததால் ஊகிக்க இடம் குறைவு. பத்து முறையில் எட்டு முறை சரியான எழுத்து விழும்வரை விடாதீர்கள். அழகான என்னும் 'ஷோன்' (schön), ஏற்கெனவே என்னும் 'ஷோன்' (schon) இரண்டையும் இப்படிப் பிரித்துப் பழகலாம்.

பேச்சுத் தேர்வு இருவராக, சுமார் 15 நிமிடம். தயாரிப்புக்கு 15 நிமிடம் தருவார்கள். முதலில் ஒவ்வொருவரும் சுமார் 4 நிமிடம் ஒரு தலைப்பில் பேச வேண்டும், அடுத்து இருவரும் வாதிட வேண்டும். ஏஐ நீங்கள் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார். குறுக்கே வருவதும், விட்டுக்கொடுக்காமல் மரியாதையாக மறுப்பதும் ஆளோடு பேசித்தான் வரும். தலைப்புகளையும் எதிர்வாதங்களையும் ஏஐயிடம் வாங்கிக்கொண்டு, வாரம் மூன்று நாளாவது கூடப் படிக்கும் ஒருவரோடு போனில் பேசுங்கள். பேச்சைப் பதிவு செய்து, உங்கள் தயக்கங்களை நீங்களே எண்ணுங்கள்.

கேட்டலுக்கு ஏஐ குரல் வேண்டாம், அது மிகத் தெளிவாகப் பேசும். பி2 கேட்டலில் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் ஒரே முறைதான் ஒலிக்கும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்செ வெல்லெ நிதானமாக வாசிக்கும் செய்தியில் தொடங்கி, ஒரு மாதத்தில் சாதாரண வேகச் செய்திக்கு மாறுங்கள். கேட்டு முடித்ததும் ஐந்து வரி எழுதி, அந்த வரிகளை எழுத்து வடிவத்தோடு ஒப்பிட ஏஐயைப் பயன்படுத்தலாம்.

நான்கு பிரிவுகளையும் தனித்தனியாக எழுத முடியும் என்பதால், ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். எழுத்தில் தவறியிருந்தால் புதுத் தலைப்புகளைத் தேடி ஓடாதீர்கள். பழைய கடிதங்களில் மோசமான மூன்றை எடுத்து, அவற்றின் கேள்வியை மட்டும் பார்த்து மறுபடி எழுதுங்கள். இரண்டு வடிவங்களையும் ஏஐயிடம் கொடுத்து, எந்த வகைப் பிழை போயிருக்கிறது, எது இன்னும் அப்படியே நிற்கிறது என்று கேளுங்கள். இந்த ஒப்பீட்டை அது நன்றாகவே செய்யும். அப்படியே நிற்கும் வகைக்குத்தான் அடுத்த இரண்டு வாரம்.