இரண்டேகால் மில்லிமீற்றர்

அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. மலை ஏறும்போது நெஞ்சை அடைக்குது என்று நின்று நின்று ஏறினபோது, வயசு போய்விட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். நாலு மாதம் அப்படியே போனது. பெண்களுக்கு, அதுவும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, மாரடைப்பு வலி இப்படித் தெளிவில்லாமலும் வரும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ஈசிஜி கேட்டிருப்பேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

பிறகுதான் ஹட்டனில் விடியக்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி தாண்டிக் கண்டிக்குப் போனோம். இதயக் குழாய்களுக்குள் சாயம் விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம் படத்தில், ஒரு கிளைக் குழாயில் அடைப்பு தெரிந்தது. டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வட்டம் போட்டு, இரண்டின் உள்விளிம்பிலும் ஒரே தடிப்பில் பேனையால் தீட்டினார். பெரியதில் நடுவே தாராளமாக இடம் இருந்தது. சின்னது கிட்டத்தட்ட மூடிவிட்டது. குழாயை உள்ளிருந்து தாங்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வைத்த இடத்தில் தழும்பு வளர்ந்தால் சின்னக் குழாய் சீக்கிரம் திரும்ப ஒடுங்குவது இதனால்தானாம். அம்மாவுடையது இரண்டேகால் மில்லிமீற்றர்.

"உள்ளுக்குக் கம்பி வைப்பீங்களாங்க ஐயா?" என்று அம்மா கேட்டாங்க. முதலில் சாதா பலூனால் விரித்துப் பார்ப்பதாகவும், நன்றாக விரிந்தால் மருந்து பூசிய பலூனே போதும் என்றும் சொன்னார். மருந்து சுவரில் ஊறும், உள்ளே எதுவும் தங்காது. 2018இல் வெளிவந்த பேஸ்கெட்-ஸ்மால் 2 ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த குழாய் உள்ள 758 பேர். ஒரு வருஷத்தில் இதய மரணம், மாரடைப்பு, அதே குழாய்க்கு மறு சிகிச்சை எல்லாம் சேர்த்து பலூனில் 7.5 சதவீதம், மருந்து பூசிய ஸ்டென்டில் 7.3. மூன்று வருஷத்தில் இரண்டிலும் 15 சதவீதம் அளவில். ஆக, பலூன் மட்டமான வைத்தியம் இல்லை. ஆனால் எதைச் செய்தாலும் கவனம் விடக்கூடாது. "அடைப்பு எடுத்தாச்சா" என்று மட்டும் கேட்காமல், குழாயின் அளவையும் கேளுங்கள்.

மணிக்கட்டு வழியாகத்தான் செய்தார்கள். வெளியே வந்தபோது கையில் இறுக்கப்பட்டி. "ஊதினப்ப மலையில அடைச்ச மாதிரியே அடைச்சிச்சு. எறக்கினதும் போயிருச்சு" என்றாங்க.

இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் குளிசையும் கொடுத்தார்கள். ஒருநாளும் விடக்கூடாது என்று எழுதியும் தந்தார்கள். இப்போது ஒன்பது மாதம். போன திருவிழாவுக்குக் கோயில் படியில் இரண்டே இடத்தில் நின்றாங்க. அதில் ஒன்று, பழைய கூட்டாளி ஒருத்தரோடு பேச.