ஐந்து ரோட்டில் அடித்த போஸ்டர்

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவின் அப்பா சேலம் மாவட்டத்திலிருந்து பேராக்குக்குப் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போனவர். அவர் விட்டுப்போன ஊருக்கு நான் நிலவியல் ஆராய்ச்சிக்காக வந்து சேர்ந்தேன். பூர்வீகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மலேசியப் பாஸ்போர்ட்டில், நீண்டகால மாணவர் விசாவில் வருபவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவைச் செய்தாக வேண்டும். அதற்கு வாடகைச் சான்று கேட்டபோது வீட்டுக்கார அம்மா, "தமிழ் பேசுற புள்ளைக்கு எதுக்கு கண்ணு போலீஸ் பதிவு?" என்றார். கையெழுத்துப் போட்ட பிறகும் அவருக்கு அது சமாதானமாகவில்லை.

ஆராய்ச்சிக்கான கேள்வியும் அந்த வீட்டுக் குளியலறையில்தான் கிடைத்தது. மேட்டூர்த் தண்ணீரில் நுரைக்கிற சோப்பு போர் தண்ணீரில் நுரைக்காது. உப்புத் தண்ணி என்று சொல்லி எல்லோரும் கடந்துவிடுகிறார்கள். ஈப்போவைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள்; அங்கே தண்ணீர் கடினமாக, அதாவது சோப்பு நுரைக்காததாக, இருந்தால் கால்சியத்தைக் கைகாட்டலாம். இங்கே, ஏற்காட்டு மலையடிவாரத்தில் கருப்பூர்ப் பக்கம் தெரியும் வெள்ளைக் கரடுகளை வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்றார்கள். ஆனால் அங்கே சாக் பாறையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. டியூனைட் என்ற கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் மேக்னசைட், அதாவது மக்னீசியக் கார்பனேட் அது. உருக்காலை உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய வெட்டி எடுக்கிறார்கள். ஊரில் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று ஒரு ரயில் நிலையமே உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். மேக்னசைட் அசையாது, பொடித்தோ சூடாக்கியோதான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

சுற்றுவட்டாரக் கிணறுகளில் எடுத்த தண்ணீரிலும் கால்சியத்தைவிட மக்னீசியமே தூக்கலாக இருந்தது. சரி, இதை மாநாட்டில் போஸ்டராக வைக்கலாம் என்றார் வழிகாட்டி மேடம்.

அறிவிப்பில் ஏ0 அளவு, அதாவது 841 மி.மீ. அகலம், 1189 மி.மீ. உயரம் என்று இருந்தது. ஐந்து ரோட்டுப் பக்கம் இருந்த ஃப்ளெக்ஸ் கடையில் எல்லாம் அடிக்கணக்கு. "மூணுக்கு நாலு போட்டுரலாங்க்கா, ஐலெட் அடிக்கணுமா, கட்டை அடிக்கணுமா?" என்றார் டிசைனர் தம்பி. அவர் திரையில் அப்போது ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ் பாதியில் நின்றது. என் கோப்பை கோரல்டிரா மென்பொருளில் திறந்ததும் எழுத்துரு மாறி, மக்னீசியக் குறியீட்டின் தலையில் இருந்த 2+ கீழே இறங்கிவிட்டது. எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுத்த பிறகுதான் அது தன் இடத்தில் நின்றது. வாட்ஸ்அப்பில் வந்த சுரங்கப் படத்தை அவர் பெரிதாக்கிக் காட்டினார். புள்ளி புள்ளியாக உடைந்தது. மூலப் படத்தைத் தேடி எடுத்தோம். பளபளக்கும் ஃப்ளெக்ஸ் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும் என்பதால் மேட் வினைல் என்று முடிவானது. பின்னணியில் ரோஜா இதழ் தூவலாமா என்று ஒரு முறை கேட்டார். அதை மட்டும் மறுத்துவிட்டேன்.

அவர் சொன்ன மற்றொன்றை மறுக்க முடியவில்லை. "இவ்ளோ எழுத்தை யாருக்கா நின்னு படிப்பாங்க? வண்டியில போறவன் ஒரு பார்வையில புடிக்கணும்." மைக் மோரிசன் என்ற மிச்சிகன் ஆராய்ச்சி மாணவர் 2019இல் வெளியிட்ட வீடியோவில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: கண்டுபிடிப்பை ஒரே வாக்கியமாக நடுவில் பெரிதாகப் போடு, மற்றதை ஓரத்துக்குத் தள்ளு. எங்கள் துறையில் அந்தப் பாணி பலருக்குப் பிடிக்காது. அட்டவணை குறைந்தால் உழைப்பும் குறைவு என்று நினைப்பார்கள். மேடமும் தயங்கினார். அட்டவணைகளை ஏ4 தாளில் தனியாகக் கொடுக்கிறேன் என்றதும் ஒப்புக்கொண்டார். நடுவில் ஒரே வரி: இந்தத் தண்ணீர் நுரைக்காததற்கு முதல் காரணம் மக்னீசியம்.

மாநாட்டன்று தேநீர் இடைவேளைதான் போஸ்டர் நேரம். ஒரு கையில் தட்டுவடை செட்டுடன் வந்த பேராசிரியர்கள் அந்த வரியைப் படித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் நின்று, மாதிரிகளைக் கோடையில் எடுத்தாயா, மழைக்குப் பிறகா என்று பிடித்துக்கொண்டார். கோடையில் மட்டும்தான். அப்படியானால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று அவர் நேராகச் சொன்னார். அது நியாயமான பேச்சு.

அப்புறம் நாற்காலி அடுக்க வந்த அண்ணா போஸ்டரிலிருந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அவருடைய அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை செய்தவராம். "குரோமைட்டும் எடுத்தாங்கம்மா, அந்தப் பக்கக் கெணறு ஒண்ணுகூட இதுல இல்லையே?" என்றார். கருப்பூரில் குரோமியத் தாதுவான குரோமைட் உண்டு என்று நானும் படித்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் குரோமியத்தையும் பார்த்தாக வேண்டும். வெள்ளக்கல்பட்டியில் தன் சொந்தக்காரர்களின் கிணறுகளைக் காட்டுவதாகச் சொல்லி அவர் நம்பர் கொடுத்தார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கேனோடு கிளம்ப வேண்டும். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதும் அப்போதுதான். வாடகைச் சான்றுக்கு அந்த அம்மாவிடம் மறுபடி பேச வேண்டும்.