கல்லட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே பிஸ்டன் ரிங் செட்

வண்டி, வார்ப்பிரும்பு பிளாக் புல்லட் 350. 70 மி.மீ. போர் (சிலிண்டர் துளை) தேய்ந்துபோனதால் 0.5 ஓவர்சைஸ், இப்போது 70.5. கார்புரேட்டர் பெரிசு, கம்ப்ரெஷனும் கொஞ்சம் ஏற்றியாச்சு. ஓடப்போவது ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில்.

ஏறும்போது இரண்டாம் கியர், திராட்டில் முழுக்கத் திறப்பு, எதிர்க்காற்றும் குறைவு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சூடேறி நீளும். அதன் இரு முனைக்கும் நடுவே விடும் கேப் போதாவிட்டால் முனைகள் முட்டி, போரைக் கீறிவிடும். இறங்கும்போது வேறு சிக்கல்: திராட்டிலை மூடி இன்ஜின் பிரேக்கில் வந்தால் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழிருந்து ஆயிலை உறிஞ்சும். மசினகுடி வந்து திராட்டிலைத் திருகியதும் நீலப்புகை, ஆனால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) நல்லாயிருக்கு என்றால் இரண்டாம் ரிங்கையும், அடியில் ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங்கையும்தான் சந்தேகப்படணும். பலரும் மேல் ரிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். மலை வண்டிக்கு அது போதாது.

மேல் ரிங் குரோம் முகம். இரண்டாவது டேப்பர், அதாவது சற்றே சாய்ந்த முகம். அதன் புள்ளி மேலே பார்க்கணும். தலைகீழாகப் போட்டால் ஆயிலை வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். ஆயில் ரிங் மூன்று துண்டு. நடு ஸ்பிரிங்கின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கணும்.

கேப் கணக்கு: கடுமையாக ஓடும் ஏர்கூல்டு இன்ஜினுக்குப் போர் அளவு பெருக்கல் 0.005. 70.5-க்கு 0.35 மி.மீ. இரண்டாவதுக்கு 0.40. இரண்டு ரிங்குக்கும் இடையில் சிக்கும் கேஸ் வெளியேறாவிட்டால் மேல் ரிங்கைத் தூக்கிவிடும்.

மேல் ரிங் செட்டில் வந்தபடியே 0.22 கேப் காட்டியது. பிஸ்டனைக் கவிழ்த்து ரிங்கை 25 மி.மீ. உள்ளே நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கணும். அரத்தை வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் இழுக்கணும். எதிர்த்திசையில் இழுத்தால் குரோம் உதிரும். 0.30 தாண்டியதும் இரண்டு இழுப்புக்கு ஒரு அளவு. கடைசியில் நைஸ் கல்லால் பிசிறு எடுத்து, முனையில் நகத்தை ஓட்டினால் தட்டவே கூடாது.

போரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங்குக்கு 220 கல், 45 டிகிரி குறுக்குக்கோடு. பிறகு சோப்பும் வெந்நீரும், வெள்ளைத்துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை. பெட்ரோலில் கழுவினால் கல்தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கும். உடனே ஆயில் தடவணும். ஊட்டி ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

மாட்டும்போது கேப்கள் 120 டிகிரி தள்ளி. எதுவும் நேர் முன்பக்கமோ பின்பக்கமோ வரக்கூடாது.

குளிர் காலையில் சோக் போட்டு நெடுநேரம் ஐட்லிங் விடாதீர்கள். பெட்ரோல் போரின் ஆயிலைக் கழுவிவிடும். மினரல் ஆயில் ஊற்றி, சூடேறியதும் மூன்றாம் கியரில் அரைத் திராட்டிலில் ஏறி, மூடி இறங்கணும். முதல் ஆயிலை 80 கி.மீ.யில் வடித்தாச்சு. கல்லட்டி இறங்கி முடித்துத் திருகியபோது புகை இல்லை.