கால்ஃப் போலோ: மைதானத்துக்கும் ஆபீஸுக்கும் ஒரே சட்டை

கால்ஃப் போலோவை, அதாவது கால்ஃப் ஆடப் போடும் காலர் வைத்த டி-ஷர்ட்டை, ஆபீஸுக்கும் போடும்படி தைக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது துணியின் பளபளப்பு. பாலியஸ்டர் 90–92, ஸ்பான்டெக்ஸ் 8–10 சதவீதம், 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சரியாக வரும். நூல் மினுமினுப்பில்லாத டல் ரகமாக இருந்தால்தான் ஃபார்மல் பேன்ட்டோடு பொருந்தும். முழுக் காட்டன் பார்க்க அழகுதான். ஒரு முழு ஆட்டத்தின் 18 குழி முடிவதற்குள் வியர்வையில் கனத்துத் தொங்கிவிடும்.

கட்டிங்குக்கு முன் ரோலைப் பிரித்து 24 மணி நேரம் துணியை இழுவை தளர விட்டு ஆறப்போடுங்கள். அவசர ஆர்டர் என்றால் திருப்பூரில் முதலில் பலியாவது இதுதான். இழுபட்டிருக்கும் துணியை அப்படியே வெட்டினால் முதல் சலவையிலேயே சட்டை உயரம் குறையும்.

பந்தை அடிக்க மட்டையை வீசும் ஸ்விங்கில் கை உயரும்போது சட்டையும் சேர்ந்து மேலேறும். பலர் இதற்காகச் சட்டையின் உடம்புப் பகுதியை லூசாக்குகிறார்கள், தொளதொளப்புதான் மிச்சம். ஆர்ம்ஹோலை (கை இணையும் வளைவை) சற்று உயர்த்தி, அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைத்தால் போதும். பின்பக்கத்தை 2–3 செ.மீ. நீளமாக விடலாம்.

காலர்தான் பெரிய தலைவலி. தனியாகப் பின்னி வைக்கும் ரிப் காலர் துவைக்கத் துவைக்கச் சுருளும். அதே துணியில் பட்டி வைத்த காலர் பிளேசருக்குள்ளும் நிமிர்ந்து நிற்கும். உள்ளே வைக்கும் ஒட்டு கேன்வாஸ் குறைந்த சூட்டில் ஒட்டுவதாக இருக்கட்டும். சூடு ஏறினால் அடர்நிறப் பாலியஸ்டரின் சாயம் கிளம்பி ஓரத்தில் வைக்கும் வெள்ளைப் பைப்பிங்கில் ஏறிவிடும்.