கலிபோர்னியாவில் பிறப்புச் சான்றிதழ் கேட்கும்போது
கலிபோர்னியாவில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், நீங்கள் இப்போது குடியிருக்கும் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) அல்ல, குழந்தை பிறந்த கவுண்டியிலோ மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிலோதான் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் இரண்டு வகை இருக்கும், தயவுசெய்து இங்கே கவனமாக இருங்கள்: ‘ஆத்தரைஸ்டு’ (அதிகாரபூர்வமாகச் செல்லும்) நகலையே கேளுங்கள், ஏனென்றால் ‘இன்ஃபர்மேஷனல்’ (தகவலுக்கு மட்டுமான) நகலில் இது அடையாளச் சான்றாகச் செல்லாது என்று அச்சடித்தே தருவார்கள், அதை வைத்து பாஸ்போர்ட் எடுக்க முடியாது. ஆத்தரைஸ்டு நகலைப் பெற்றோர், தாத்தா பாட்டி போன்ற நெருங்கிய உறவினர் கேட்கலாம், நண்பர் கேட்க முடியாது. தபாலில் அனுப்பினால் உறுதிமொழித் தாளில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், பலர் இதை விட்டுவிட்டு விண்ணப்பம் திரும்பி வந்து தவிக்கிறார்கள். நேரில் போனால் நோட்டரி வேண்டாம். அப்புறம், இரண்டு நகலாகவே வாங்கிவிடுங்கள், பாஸ்போர்ட்டுக்கு ஒன்றை அனுப்பினால் அது திரும்பி வரும்வரை கையில் ஒன்று இருக்கட்டும். இந்தியாவில் காட்டவேண்டும் என்றால் மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்குங்கள்.